யாருடைய பாதுகாப்புக்கு

சேந்தமலை அடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. அதற்கு வாசல் உண்டு, கதவு கிடையாது. நிலை இருந்தது, நிலையில் கீல் அடித்த தடமும் இருந்தது. கதவை மட்டும் யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்ச் சமையலறையில் காய் நறுக்கும் மேடையாகப் போட்டுவிட்டார்கள்.

அம்பலவாணன் அங்கே சீடராக வந்து சேர்ந்த அன்று முதலில் கண்ணில் பட்டது இதுதான். அன்றைக்கே அவர் கை பூட்டைத் தேடியது.

அவர் வாழ்நாளெல்லாம் மத்திய சிறையில் வேலை பார்த்து, தலைமை வார்டராக ஓய்வு பெற்றவர். அவர் பொறுப்பில் இருந்தபோது ஒரு கைதி தப்பியதில்லை. உயர் பாதுகாப்புத் தொகுதி என்று அந்தச் சிறையில் ஒரு கட்டடம் இருந்தது. அதற்குள் இருப்பவர்களுக்கு அது பாதுகாப்பு என்று யாரும் நினைத்ததில்லை. அந்தப் பெயரில் ஏதோ இடிக்கிறது என்று அவருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை.

ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க முடியாமல் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலுக்குப் போனார். அங்கே எல்லோருக்கும் அவர் பெயர் 'செக்யூரிட்டி'. செக்யூரிட்டி, கேட்டைத் திற. செக்யூரிட்டி, தண்ணி லாரி வந்துச்சா. அம்பலவாணன் என்று ஒருவர் அங்கே வேலை பார்த்தது கடைசிவரை யாருக்கும் தெரியாது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டிலும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. அந்த வேலையையும் விட்டார்.

தூக்கம் மட்டும் வரவில்லை. படுப்பார். எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். திரும்ப வந்து படுப்பார். சரியாக இழுத்தோமா என்று மறுபடி எழுவார். விடிகிறவரை இதே வேலை.

யாரோ வழி சொல்லித்தான் சேந்தமலைக்கு வந்தார். மடத்தின் தலைவியை எல்லோரும் அம்மை என்றார்கள். அவரைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவராம். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் கேட்டதற்குப் பதிலாக இருக்காது.

அம்பலவாணன் அவர் முன்னால் விழுந்து கும்பிட்டு எழுந்தார்.

"எனக்கு ஒரே கேள்விதான்மா. மனுஷனுக்கு எதும்மா பாதுகாப்பு?"

அம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, முருங்கைக் கீரை ஆயத் தெரியுமா என்று விசாரித்தார்.

மாதங்கள் போயின. கீரை ஆய்ந்தார், கிணற்றில் இறைத்தார், வருகிறவர்களுக்குச் சோறு போட்டார். கேள்வியை மட்டும் விடவில்லை. ஒருமுறை கேட்டபோது அம்மை கொட்டாவி விட்டார். இன்னொருமுறை, பருப்பு தீய்கிற வாசனை வருகிறதே என்றார். உண்மையிலேயே தீய்ந்துகொண்டுதான் இருந்தது.

மடத்தில் தானியம் வைக்கும் உள்ளறைக்கு மட்டும் எலிக்குப் பயந்து ஒரு கதவு போட்டிருந்தார்கள். அதற்காவது ஒரு பூட்டு இருக்கட்டும் என்று அம்பலவாணன் டவுனிலிருந்து நல்ல கனமான பித்தளைப் பூட்டாக வாங்கி வந்தார். அம்மை அதைக் கையில் வாங்கிக் கனம் பார்த்தார். நல்லா இருக்கு என்றார். மறுநாள் காலையில் பார்த்தால் அது புடலைப் பந்தலில் தொங்கிக்கொண்டிருந்தது. காய் கோணாமல் நீளமாக வளர நுனியில் கல் கட்டுவார்கள் அல்லவா, அம்மை கல்லுக்குப் பதில் பூட்டைக் கட்டியிருந்தார்.

அம்பலவாணன் அன்று முழுக்கப் பந்தல் பக்கமே போகவில்லை. காய் என்னவோ நேராகத்தான் வந்தது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மகுடேஸ்வரி வந்தாள்.

ஒரு நடுப்பகலில், செருப்பில்லாமல், தண்ணீர் கேட்டு வந்து நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். குடித்துவிட்டுப் போகவில்லை. அம்மை ஒன்றும் கேட்காமல் தட்டு வைத்தார். சாப்பிட்டாள். மறுநாளும் இருந்தாள். கணவன் வீட்டிலிருந்து வந்துவிட்டதாக மட்டும் சொன்னாள், அதற்கு மேல் சொல்லவில்லை. கைக்கெட்டிய வேலையெல்லாம் செய்தாள். ஆனால் சுவரும் கூரையும் உள்ள இடத்தில் உட்காரவே மாட்டாள். சாப்பாடு வாசல் நிலையில். படுக்கை முற்றத்து வேம்படியில்.

பாம்பு வரும், உள்ளே படு என்று அம்பலவாணன் சொல்லிப் பார்த்தார். வந்தால் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மடத்தில் கதவு வேண்டாம் என்கிறவர் ஒருத்தர் போதாதென்று இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் போலீஸ் ஜீப் வந்தது. இறங்கியது ஓர் எஸ்.ஐ., ஒரு பெண் காவலர், கூடவே மகுடேஸ்வரியின் கணவன் தண்டபாணி.

தண்டபாணி வெள்ளைச் சட்டை, திருநீறு, அடக்கமான பேச்சு. மனைவிக்கு மூளை சரியில்லை, வீட்டைவிட்டு ஓடிவிட்டாள், மடத்தில் மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று மனு கொடுத்திருந்தான். அவன் அம்மையைக் கும்பிட்டுவிட்டு, உங்களைக் குறை சொல்லவில்லை, அவள் வெளியே இருந்தால் அவளுக்குத்தான் ஆபத்து என்றான். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்து, இந்த இடத்துக்கு ஒரு கதவுகூட இல்லையே, என்ன பாதுகாப்பு என்று வருத்தப்பட்டான்.

அம்பலவாணன் தலையாட்டப் போய்ச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அம்மை பார்த்துவிட்டாரோ என்று ஒரு சந்தேகம்.

எஸ்.ஐ. கெட்டவரில்லை. களைத்துப் போனவர். மகுடேஸ்வரி வயது வந்த பெண், அவள் விருப்பம்தான் முக்கியம், திங்கட்கிழமை மாஜிஸ்திரேட் முன்னால் வந்து அதைச் சொல்லிவிட்டால் போதும் என்றார். அதுவரை பெண்கள் காப்பகத்தில் இருக்கட்டும் என்றார்.

"கைது எல்லாம் இல்லம்மா. உன் பாதுகாப்புக்குத்தான்."

மகுடேஸ்வரி கேட்டாள்: "அங்க கதவ வெளிப்பக்கமாப் பூட்டுவாங்களா சார்?"

எஸ்.ஐ. கொஞ்சம் தடுமாறினார். "பாதுகாப்புன்னா பூட்டத்தானம்மா செய்வாங்க."

அவள் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து வேம்பில் முதுகு முட்டி நின்றாள்.

வேறு வழி உண்டா என்று அம்மை விசாரித்தார். யாராவது பிணை நின்றால் இங்கேயே இருக்கலாம், திங்கட்கிழமை ஆள் வராவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும், கடத்தி மறைத்ததாக வழக்குக்கூட வரலாம் என்றார் எஸ்.ஐ. அம்மை பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கீரை ஆய்ந்த கை, தாளில் பச்சையாகக் கறை விழுந்தது.

ஜீப் போனதும் அம்பலவாணனுக்குப் பொறுக்கவில்லை. பிணை நின்று கெட்டவர்கள் எத்தனை பேரை அவர் பார்த்திருக்கிறார். அண்ணனுக்காகத் தம்பி, மருமகனுக்காக மாமனார். ஓடியவன் ஓடிவிடுவான், நின்றவன் உள்ளே வருவான்.

"ஓடமாட்டேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாம்மா?"

"கேக்கல."

"ஏம்மா கேக்கல?"

"கேட்டா ஓடமாட்டேம்பா. அதை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவர் போய்க் கிணற்றில் இரண்டு குடம் அதிகமாக இறைத்தார்.

அன்று பிற்பகல் பக்கத்துக் கிராமத்திலிருந்து சாவுச் செய்தி வந்தது. மடத்துக்கு வேண்டியவர்கள். அம்மை உடனே கிளம்பினார், காலையில்தான் திரும்ப முடியும். போகிற போக்கில் அம்பலவாணனிடம் மகுடேஸ்வரியைக் காட்டினார்.

"பாத்துக்குங்க."

அவ்வளவுதான் சொன்னார். சிறையில் அந்த ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஜெயிலர் ஒரு கைதியைக் காட்டிப் 'பாத்துக்க' என்றால் கண்ணைவிட்டு அகலாமல் வைத்துக்கொள் என்று பொருள்.

அம்பலவாணன் பார்த்துக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் டவுனுக்குப் போய் இன்னொரு பூட்டு வாங்கிவந்தார். மகுடேஸ்வரியை உள்ளறைக்கு வரச் சொன்னார். அவள் வரமாட்டேன் என்றாள். அவர் கத்தவில்லை, மிரட்டவில்லை. உன் புருஷன் ஆளோடு வந்தால் நான் ஒருத்தன் என்ன செய்வேன், உனக்காகக் கையெழுத்துப் போட்டவரை நினைத்துப் பார் என்று நிதானமாகப் பேசினார். அம்மை பெயரைச் சொன்னதும் அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

அவர் வெளியே பூட்டினார். இழுத்துப் பார்த்தார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்தார்.

படுத்ததுதான் தெரியும். எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அடித்துப் போட்டது மாதிரி தூங்கினார்.

விடிந்து எழுந்தவருக்கு உடம்பே லேசாக இருந்தது. சந்தோஷமாகப் பூட்டைத் திறந்தார். உள்ளே வெளிச்சமாக இருந்தது. கூரையில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓடு பிரிந்திருந்தது. நெல் மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. உடைந்த ஓட்டின் விளிம்பில் ரத்தம்.

தன் பொறுப்பில் இருந்து ஓர் ஆள் தப்பிப்போனதை அம்பலவாணன் முதல் தடவையாகப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அம்மை வந்தபோதும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் எழுந்து, நான் அப்போதே சொன்னேன் என்று ஆரம்பித்தார். அவள் ஓடிவிட்டாள், இப்போது யார் பதில் சொல்வது, பேனா கொடுத்தால் கையெழுத்துப் போட்டுவிடுவதா என்று மூச்சுவிடாமல் பேசினார். அம்மை முகம் கழுவிக்கொண்டே கேட்டார். சாவு வீட்டில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்த கண், சிவந்து கிடந்தது.

"எப்படிப் போனா?"

"ஓட்டைப் பிரிச்சி."

"வாசல் வழியா ஏன் போகல?"

"கதவு பூட்டியிருந்துச்சி."

"யாரு பூட்டினது?"

"நான்தான். பாதுகாப்புக்கு."

"யாரோட பாதுகாப்புக்கு?"

"அவளோட..." என்று ஆரம்பித்தார் அம்பலவாணன். கூரையின் ஓட்டையைப் பார்த்ததும் பேச்சு நின்றது. "உங்களோட பாதுகாப்புக்குத்தாம்மா."

அம்மை முந்தானையில் முகத்தைத் துடைத்தார்.

"நான் ராத்திரி சாவு வீட்ல உக்காந்திருந்தேன். அவ கூரை மேல உக்காந்திருந்தா. நல்லாத் தூங்கினது நீங்க ஒருத்தர்தான் ஐயா."

அம்பலவாணனுக்குச் சுருக்கென்றது.

அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார் அம்மை. பிடித்துக்கொண்டு வரவா என்று கேட்டார் அவர். பார்த்துவிட்டு வாருங்கள் என்று அதையே திரும்பச் சொல்லிவிட்டு அம்மை அடுப்படிக்குப் போனார்.

தப்பியவர்கள் எங்கே போவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. ஒன்று தாய் வீடு, இல்லையென்றால் வண்டி கிடைக்கிற இடம். அவளுக்குத் தாய் இல்லை என்பது பேச்சுவாக்கில் தெரியும். நேரே டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

அலைய வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்புகிற இடத்தில், கொய்யாப்பழக் கூடைக்காரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், ஒரு சாக்கின் மேல், மகுடேஸ்வரி தூங்கிக்கொண்டிருந்தாள். காலில் துணிக்கட்டு. அந்த இரைச்சலில், அந்த வெயிலில், வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கினாள்.

எழுப்புவதற்குக் கையை நீட்டினார். பக்கத்துக் கூடைக்காரி அந்தக் கையைப் பழக் கத்தியாலேயே தள்ளினாள். அவள் பெயர் காத்தாயி என்று பின்னால் தெரிந்தது.

"யாரு நீங்க?"

அப்பா என்று சொல்ல முடியாது. சொந்தம் என்றும் சொல்ல முடியாது. அம்பலவாணன் யோசித்துவிட்டு, இந்தப் பெண்ணின் பாதுகாப்புக்கு வந்திருக்கிறேன் என்றார்.

"அதுக்குத்தான் நாங்க இருக்கமே," என்றாள் காத்தாயி. "ஓரமா உக்காருங்க. அதுவா எந்திரிக்கட்டும்."

உட்கார்ந்தார். எரிச்சல் எரிச்சலாக வந்தது. நூறு பேர் வந்துபோகிற இடம். குடிகாரன் வருவான், திருடன் வருவான், சுவர் இல்லை, கூரை இல்லை. நெல் மூட்டைகளுக்கு நடுவில், நாலு சுவருக்குள் தூங்காதவள் இங்கே தூங்குகிறாள். எந்தச் சிறைக் கையேட்டிலும் இதற்கு இடமில்லை.

மகுடேஸ்வரி கண்விழித்ததும் முதலில் பார்த்தது அவரைத்தான். பார்த்த மாத்திரத்தில் அவள் கண் அவரைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. எந்தப் பக்கம் ஓடலாம் என்று தேடுகிற கண். அதை அவர் எத்தனை முகங்களில் பார்த்திருக்கிறார். அவளுக்கும் ரோட்டுக்கும் நடுவில்தான் தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அப்படி உட்கார வேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை. உடம்பே அப்படிப் பழகியிருந்தது.

மெல்ல எழுந்து, சுவர்ப் பக்கமாகப் போய் உட்கார்ந்தார். இப்போது ரோடு அவளுக்குத் திறந்து கிடந்தது. அவள் ஓடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே பேசினாள். கணவன் ஒருநாளும் கை நீட்டியதில்லையாம். வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவான். காலம் கெட்டுக் கிடக்கிறது, உன் பாதுகாப்புக்குத்தான் என்பான். அக்கம்பக்கத்திலும் அவனுக்கு நல்ல பெயர், பொண்டாட்டியைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறான் என்று. ஒருநாள் அடுப்பிலிருந்து திரைச்சீலையில் தீப்பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டாள். ஆனால் அதற்கு முன்னால் கதவைத் தட்டியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்றிருக்கிறார்.

"சாவி அவர்கிட்டதானம்மா இருக்கு, போன் பண்றேன்னு சொல்லிட்டு நின்னாருங்க. உள்ள புகை. அப்பதான் நெனச்சேன், இந்த வீட்ல பத்திரமா இருக்கறது நான் இல்ல, சாவின்னு."

அம்பலவாணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து நீங்க பூட்டுனீங்கல்ல. அதே சத்தம்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, நாளைக்குக் கோர்ட்டு என்று நினைவூட்டினார். வருவேன் என்றாள் அவள். நேரே கோர்ட்டுக்கு வருவாள், மடத்துக்கு வரமாட்டாள்.

"வருவேங்கறதுக்கு என்ன உறுதி?"

கேட்கக்கூடாது என்று நினைத்து முடிப்பதற்குள் கேட்டுவிட்டார். மகுடேஸ்வரி அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. பிறகு திரும்பிக்கொண்டு காத்தாயிக்குப் பழம் துடைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

திரும்பி வந்து நடந்ததை எல்லாம் அம்மையிடம் ஒப்பித்தார். மடத்துக்கு வரமாட்டாளாம் என்றார். சரி என்றார் அம்மை. உறுதி கேட்டேன், பதிலே சொல்லவில்லை என்றார். நல்ல பொண்ணு என்றார் அம்மை. அம்பலவாணனுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை கோர்ட்டில் பெயர் கூப்பிட்டார்கள். அம்மை மட்டும் போய் நின்றார். பெண் எங்கே என்று மாஜிஸ்திரேட் கேட்டார். வருவாள் என்றார் அம்மை. இப்போது எங்கே இருக்கிறாள்? பஸ் ஸ்டாண்டில் இருந்தாள், இப்போது தெரியாது. தண்டபாணி கைகட்டி நின்று, நான்தான் சொன்னேனே ஐயா, புத்தி சரியில்லாத பெண் என்று பணிவாகச் சொன்னான். மதியத்துக்குள் அவளைக் கொண்டுவராவிட்டால் பிணை நின்றவரைக் காவலில் எடுக்க உத்தரவு போட வேண்டிவரும் என்றார் மாஜிஸ்திரேட்.

வெளியே புங்கமரத்தடியில் அம்மை உட்கார்ந்தார். அம்பலவாணன் உட்காரவில்லை. கேட்டுக்கும் மரத்துக்குமாக நடந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு ஓட்டம் போய்ப் பார்க்கிறேன் என்றார். வேண்டாம் என்றார் அம்மை. அந்த எஸ்.ஐ.யிடமாவது பேசுகிறேன் என்றார். அதுவும் வேண்டாமாம். பொறுக்கமாட்டாமல் முன்னால் வந்து நின்றார்.

"உங்களுக்கு ஜெயில்னா என்னன்னு தெரியாதும்மா. எனக்குத் தெரியும்."

"சொல்லுங்க, தெரிஞ்சிக்கறேன்."

கோபத்தில்தான் ஆரம்பித்தார். முதல் நாள் கழிவறைக்குப் பக்கத்தில்தான் இடம் கொடுப்பார்கள், வாயைத் திறக்காமல் படுத்துவிட வேண்டும். ஒரு கனமான போர்வை கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் தரைக் குளிர் எலும்புக்குள் இறங்கிவிடும். சாப்பாட்டு வரிசையில் முந்தக்கூடாது, பிந்தவும் கூடாது. யார் என்ன வழக்கு என்று கேட்டாலும் சொல்லக்கூடாது. சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் அம்மையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நான் வாசல்லயே இருப்பேன். தெனமும் மனுப் போட்டு வந்து பாப்பேன். பாக்க விடலைன்னாலும் அங்கேயேதான் இருப்பேன்."

அம்மை சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டார். அவர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மதியம் கோர்ட்டு மறுபடி கூடுகிற நேரத்தில் மகுடேஸ்வரி வந்தாள். காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள். ஒரு பக்கம் காத்தாயி, பின்னால் இன்னும் இரண்டு கூடைக்காரிகள். கால் வீங்கிப்போய்விட்டதாம், ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றிவர நேரமாகிவிட்டதாம். உள்ளே போகும்போது அம்பலவாணனைக் கடந்துதான் போனாள். அவர் வழியைவிட்டு ஒதுங்கி நின்றார்.

மாஜிஸ்திரேட் கேட்டதற்கெல்லாம் அவள் தெளிவாகவே பதில் சொன்னாள். தேதி கேட்டார், சொன்னாள். முதலமைச்சர் யார் என்று கேட்டார், அதையும் சொன்னாள். கணவனோடு போகமாட்டேன், காப்பகத்துக்கும் போகமாட்டேன், காத்தாயியின் வாடகை வீட்டில் இருந்துகொண்டு பழக்கூடை எடுத்து விற்கப் போகிறேன் என்றாள். பஸ் ஸ்டாண்டிலா, அதுவா இவளுக்குப் பாதுகாப்பு என்று முதல்முறையாகத் தண்டபாணியின் குரல் உயர்ந்தது. மாஜிஸ்திரேட்டுக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. அங்கே உனக்கு என்னம்மா பாதுகாப்பு என்று அவரும் கேட்டார்.

மகுடேஸ்வரி யோசித்தாள்.

"கத்துனா ஆள் வரும்ங்க. யாரும் சாவி தேட வேண்டியதில்ல."

மாஜிஸ்திரேட் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, வயது வந்த பெண், தன் விருப்பப்படி இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிணை அத்தோடு முடிந்தது. தண்டபாணி யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனான். மகுடேஸ்வரி அம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அம்பலவாணனிடம் ஒன்றும் சொல்லவில்லை. காத்தாயிதான் போகிறபோது ஒரு கொய்யாப்பழத்தை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

மடத்துக்கு இரண்டு பேரும் நடந்தே திரும்பினார்கள். வெயில் தணிந்திருந்தது. அம்பலவாணன் பழத்தைத் தின்னவும் இல்லை, கீழே போடவும் இல்லை. மலை கண்ணில் பட்டதும் கேட்டார்.

"அவ வராம இருந்திருந்தா?"

"உள்ள போயிருப்பேன்."

"எந்தப் பிடிமானமும் இல்லாம எப்படிம்மா அவ்வளவு தைரியமா உக்காந்திருந்தீங்க? நானா இருந்தா நடுங்கிப் போயிருப்பேன்."

"எனக்கும் வயித்தைக் கலக்கிச்சு," என்றார் அம்மை. "நீங்க வந்து வாசல்ல இருப்பேன்னு சொன்னீங்க. அப்புறம் அவ்வளவா இல்ல."

அம்பலவாணன் நின்றுவிட்டார். இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்த அலுப்பெல்லாம் சேர்ந்து குரலில் வந்தது.

"வாசல்ல இருந்து நான் என்னம்மா பண்ணியிருக்க முடியும்? சாவி என்கிட்ட இல்லையே."

"அதனாலதான்," என்றார் அம்மை.